பழைய கோயிலின் தரை

— கல்லு வந்தாச்சு லிஜா மக்ளே. பீடத்துக்கு முன்னால தரையில பதிச்சிரு. ‘நானூறு வருசக் கோயிலை அழியாமக் காத்த ஊர்த் தலைவர் ஏசுஅடிமை.’ எழுத்து கொள்ளாமா, நல்லா இருக்கா?

— எழுத்து கொள்ளாம். சங்கதிதான் பொய்யி.

— பழைய பாதிரிமாரு அஞ்சு பேரு கல்லறை இந்தத் தரையிலதானே கெடக்கு? அதுக்கப்புறம் எம் பேரும் கெடக்கட்டுமே.

— காத்தது நீங்களா, பிரசிடெண்டே? இருவத்தேழு வருசத்துக்கு முன்ன இதை இடிச்சுத் தள்ளிட்டு கான்கிரீட்டுல கட்டணும்னு கடப்பாரையோட வந்தது ஆரு?

— அன்னைக்கு ஓடு ஒழுகிச்சு, செவுரு வெடிச்சுக் கெடந்துது. எங்களுக்கு என்ன தெரியும்?

— கட்டுமரம் ஓட்டின எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதே! மூணடிச் செவுரு, கடுக்காயும் கருப்பட்டியும் சேத்து அரைச்ச சுண்ணாம்பு. ‘மேல பூசின சிமெண்டை உரிச்சு விடுங்க, செவுரு மூச்சு விடும்’னாரு. நான் அஞ்சு வருசம் காலேஜுல படிச்சதை, அவரு செவுத்துல கைய வச்சே சொன்னாரு.

— ஒங்கப்பன் சகாயம் நல்லவன்தான். ஆனா ஊருக்கு எதுரா கோர்ட்டுக்குப் போயி தடை வாங்கினான் பாரு, அதுதான் தப்பாப் போச்சு.

— அதுக்கு ஊர்விலக்கு போட்டிய. கடையில உப்பு கெடையாது, பைப்புல தண்ணி கெடையாது. எனக்கு எட்டு வயசு. கூட வெளையாடுன பிள்ளைய எல்லாம் என்னைக் கண்டா திரும்பி நடந்துச்சு.

— அது கமிட்டி முடிவுல்லா...

— அப்பா செத்தப்போ துக்கமணி அடிக்கல. சாமியாரு கெஞ்சியும் கேக்காம, கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிச் சாவியை மடியில சொருகிட்டு நின்னது கமிட்டியா? நீருதான். அம்மையும் மாமனும் கடக்கரை மணல்ல குழி தோண்டினாவ.

— ரெண்டு வருசமா கோயிலைப் பாத்துப் பாத்துப் பழுது நீக்குனியே, எல்லாத்தையும் மறந்துட்டன்னு நெனச்சேன். போட்டும். இப்ப கல்லைப் பதி.

— முடியாது. போன வாரம் அரசாங்க உத்தரவு வந்தாச்சு. இது இனி பாதுகாக்கப்பட்ட கட்டடம். தரையில ஆணி அடிக்கணும்னாலும் எங்க தொல்லியல் ஆபீசுல கேக்கணும். நான் சம்மதிக்க மாட்டேன்.

— ஏட்டி! அப்பனைப் போலவே நிக்கியா? அவனுக்கு என்ன கிட்டிச்சு? தலைக்கு மேல ஒரு சிலுவை உண்டா? இந்த ஆடியில கடலு கேறி அந்தக் குழியையும் வாரிட்டுப் போச்சு. மெழுவர்த்தி கொளுத்த ஒனக்கு ஒரு எலும்பு மிஞ்சலை.

— கடலு வாரினது வெறுங்குழி.

— என்ன சொல்லுக?

— அதுக்கு முன்ன, மாசியிலயே நானும் அம்மையும் தோண்டி எடுத்துட்டோம். கோயில்ல தரைக்கல்லை எல்லாம் இளக்கிப் போட்டிருந்த சமயம். புதுசா வந்த பங்குச்சாமியாரு செபம் சொல்லித் தீர்த்தம் தெளிச்சாரு.

— எங்க... எங்க வச்சிருக்க அவனை?

— ஞாயித்துக்கிழமை பூசையில நீரு முட்டுக்குத்துத எடத்துக்கு நேர் கீழ. ஏழு மாசமா எங்கப்பன் காலடியிலதான் வேய் நீரு மண்டியிட்டுக்கிட்டு இருக்கீரு.