பன்னிரண்டாவது கல்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பழவேற்காட்டுக் கோட்டையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்ததற்கு வேறு காரணம் கிடையாது. ஆகவே இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன், ஐயா. இன்னொருவர் எழுதினால் பிழை வரும்.

கடிகாரத்தின் பன்னிரண்டாவது கல்லை நான் மாற்றிவிட்டேன் என்பது கப்பல் துரையின் புகார். மாற்றவில்லை. அது அதே கல்தான். நடந்ததைச் சொன்னாலே அது விளங்கும்.

இறந்துபோன ஒல்லாந்து வியாபாரி ஒருவரின் மனைவி, தன் நாட்டுக்குக் கப்பல் ஏறும்போது அந்தக் கடிகாரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பட்டு நாடாவில் கோத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிவப்புக் கற்கள். ஓடாது. பழைய கடிகாரங்களைச் சேர்த்துவைக்கும் கப்பல் துரைக்கு அதில் வருத்தமே இல்லை. அவரிடம் இப்படி முப்பது இருக்கின்றன. எதற்கும் சாவி கொடுப்பதில்லை, ஓடினால் தேயுமாம். மணி கேட்டால் வெளியே போய் வெயிலைப் பார்க்கிறார். ஒரு கல்கூடக் குறையாமல் இருப்பதுதான் விசேஷம் என்றார். வாடைக்காற்று ஓய்ந்து திரும்பி வரும்போது வாங்கிக்கொள்வதாகவும், தன் குறிப்பேட்டில் அந்தக் கடிகாரத்துக்கு நேராக என் பெயரை எழுதுவதாகவும் சொன்னார். தானியேல் என்று, ஒல்லாந்து எழுத்தில். நான் அதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பலமுறை.

அன்று ஓடத்தில் வீடு திரும்பும்போது, கற்கள் உறுதியாக இருக்கின்றனவா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ஒன்று உறுதியாக இல்லை. அது தண்ணீரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

விழுந்த இடத்தில் கம்பு நட்டேன். எங்கள் ஏரியில் கம்புக்கு மரியாதை உண்டு. ஒருவன் நட்ட இடத்தில் இன்னொருவன் வலை போடமாட்டான். தவறாக நட்டவன் அதைப் பிடுங்க வேண்டுமானால், குப்பமே கூடியிருக்க நடுவில் நின்று, நான் நட்டது தப்பு என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன ஒருவருக்குத் தப்புக்கம்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் பேரனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

என் மனைவி சூசையம்மாள், கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். இடுப்பளவு நீரில் தவழ்ந்தபடி, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். இறாலையே விடாத கை கல்லை விடுமா என்றேன். அவள் மறுக்கவில்லை. அவள் தங்கை நாகம்மாள்தான் கரையில் நின்று கேட்டாள்:

“இன்னா மாமா, கல்லு வுழுந்த எடத்துல கம்பு நட்டியா, கம்பு நட்ட எடத்துல கல்லு வுழுந்துச்சா?”

காற்று, நீரோட்டம், ஓடத்தின் வேகம் எல்லாவற்றையும் கணக்கிட்டே நட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். கரையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். சூசையம்மாளும் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கல் கிடைத்தது. துவைக்கப் போட எடுத்த என் இடுப்புக் கச்சையின் மடிப்பில்.

அப்போது அவள் ஏரியில் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட வாயும் திறந்தேன். கரையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சொல்வதற்குப் பொருத்தமான ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. எழுத்து என் தொழில்; அதில் நான் அவசரப்படுவதில்லை.

பதினான்காம் நாள் அவள் வலக்கையில் கெளுத்தி முள் ஏறியது. ஆறும்வரை நீரில் இறங்கக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

“வுட்டுடலாமா?” என்று கேட்டாள்.

விட்டால் கம்பைப் பிடுங்க வேண்டும். இன்னொரு கை இருக்கிறதே என்றேன். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இருந்தது.

மேலும் ஆறு நாள் இடக்கையால் துழாவினாள். வலக்கை தோள்வரை வீங்கியது. கல் என் மைக்கூட்டுப் பெட்டியில், பஞ்சுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. அவள் காய்ச்சலில் கிடந்தபோதும் சொல்லியிருக்கலாம். உன் கஷ்டம் வீண்போகாது என்று மட்டும் சொன்னேன். காய்ச்சலில் படுத்த நான்காம் நாள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த வாரமே தட்டானிடம் கொடுத்துக் கல்லைப் பதித்துவிட்டேன். அவன் வேலையில் நேர்த்தி போதாது. கப்பல் துரையின் கண்ணில் பட்டது அந்தத் தழும்புதான்.

ஆக, கல் மாற்றப்படவில்லை. திருட்டும் இல்லை, மோசடியும் இல்லை. புகாரைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சிறு வேண்டுகோள். சாகும்போது சூசையம்மாள் தன் தங்கையிடம், “மாமா ஆசப்பட்டாரு, நீ தேடிக் குடுத்துடு” என்று கேட்டுக்கொண்டாள். நாகம்மாள் அன்றிலிருந்து தினமும் கம்படியில் இறங்குகிறாள். இன்று காலை உங்கள் சேவகர்கள் என்னை அழைத்துவந்தபோதும் நீரில்தான் இருந்தாள். ஒரு கையில் துணி சுற்றியிருந்தாள். ஆள் யாரையாவது அனுப்பி, கல் கிடைத்துவிட்டது, கரையேறு என்று சொல்லச் சொல்லுங்கள்.

எங்கே கிடைத்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.