செலெலை எழுப்பிய மருந்தும் சாய்த்த மருந்தும்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பால் சங்கத் தலைவர் அராப் சூமோ அவர்களே! கருத்த மேகம் கண்டும் கன்றைக் கட்டிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! என் பசு செலெல் விழுந்த அன்று வெந்நீர்ப் பானையோடு ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தப்கிகென் அவர்களே! இன்று வேலையை விட்டு நீக்கச் சங்கம் தீர்மானம் வைத்திருக்கும் மாட்டு டாக்டர் செப்ங்கெனோ அவர்களே! அன்று அங்கிருந்த இன்னொருவன், என் கொழுந்தன் கிப்சோய், மூன்றாம் வரிசையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு "அவர்களே" கிடையாது. சிரிக்காதீர்கள்.

டாக்டரின் மருந்து பசுவைக் கொன்றது என்கிறது தீர்மானம். கொன்றதா? கையை உயர்த்துமுன் கேளுங்கள்.

காலையில் ஈன்றாள் செலெல். மதியம் விழுந்தாள். கழுத்து விலாப்பக்கம் மடங்கியது, காது சில்லிட்டது. கிப்சோய் கத்தியோடு வந்தான்.

"அண்ணி, இது இனி எழும்பாது. உயிர் இருக்கும்போதே அறுத்தா கறியாவது மிஞ்சும்."

"உன் நாக்கை அறு. போடா!"

மோட்டார் சைக்கிளில் வந்தாள் செப்ங்கெனோ. கழுத்து நரம்பில் ஊசி, இடுப்பு உயரத்தில் பாட்டில், தன் காதில் நெஞ்சுத் துடிப்பு கேட்கும் குழாய். சொட்டுச் சொட்டாக இறங்கியது கால்சியம். செலெல் நடுங்கினாள், ஏப்பம் விட்டாள், சாணம் போட்டாள், எழுந்தாள்! ஆம், தட்டுங்கள் கையை!

"என்னடி மாயம் இது?" என்றேன்.

"மாயம் இல்லம்மா. தசைக்குள்ள ரெண்டு இழை. ஒண்ணு மத்ததைப் பிடிச்சு இழுத்தாதான் கால் ஊணும். பிடிக்கிற இடத்தை ஒரு காவல்காரப் புரதம் மறைச்சுக்கிட்டுக் கிடக்கும். கால்சியம் வந்து ஒட்டினாத்தான் நகரும். கால்சியம் போயிட்டா மறுபடி மறைச்சுக்கும், பிடி விட்டுடும். இவ ரத்தத்துல இருந்ததெல்லாம் பாலுக்குப் போயிடுச்சு."

புரிந்ததா எனக்கு? பாதி. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவளா நான்?

மறுநாள் மீண்டும் விழுந்தாள். செப்ங்கெனோ ஆற்றுக்கு அப்பால் வேறொரு பசுவின் பிரசவத்தில். டவுன் கடையில் அதே மருந்தை வாங்கி வந்தான் கிப்சோய். நேற்றுப் பார்த்தபடியே ஊசியையும் குத்தினான்.

"கீழ பிடிடா! மெதுவா விடுடா!" தலையைப் பிடித்தபடி நான் கத்தினேன்.

"பொழுதன்னைக்கும் நிக்க நான் என்ன வேலிக்கம்பா?" தலைக்கு மேல் தூக்கினான் பாட்டிலை. குபுகுபுவென்று இறங்கியது. செலெல் ஒருமுறை உதைத்தாள். அவ்வளவுதான். என் வீட்டின் ஒரே பசு.

அதே மருந்து! அதே நரம்பு! நேற்று எழுப்பியது இன்று சாய்க்குமா? சாய்க்கும் என்றால் எது மருந்து, எது விஷம்? எனக்குக் குழப்பம் தாய்மார்களே, இந்த நிமிடமும் குழப்பம்! செப்ங்கெனோவையே கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நெஞ்சும் தசைதானம்மா. ஒரேயடியாக் கொட்டினா நெஞ்சோட தாளம் தப்பிடும். பிடிச்ச பிடியை விட்டாத்தானே அடுத்த துடிப்பு?"

இழுக்கவும் அதுவே, இறுக்கவும் அதுவேயா? காவல் நகர்ந்தால் வாழ்வு. நகர்ந்த காவல் திரும்பாவிட்டால் சாவா? மண்டைக்குள் எனக்கு இன்னும் மூட்டம்தான். ஆனால் பாட்டில் யார் கையில் உயர்ந்தது என்பதில் மூட்டமே இல்லை!

என்ன? யாரங்கே, "அறியாமல் செய்தான், விட்டுடும்மா" என்பது? பாட்டிலைத் தூக்கியதை என்றோ விட்டுவிட்டேன். வேகமாக விட்டால் கொல்லும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அன்று மாலையே, பால் வண்டி நிற்கும் இடத்தில் நின்று, "அந்தப் பொண்ணு மருந்துதான் கொன்னுது" என்றானே! அதை நம்பி, பசு விழுந்தும் மூன்று வீட்டார் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று வீட்டிலும் பசு செத்தது. அந்த வாய்க்கு அறியாமையா காரணம்?

தாய்மார்களே, தீர்மானத்துக்கு ஒரு கையும் உயரக் கூடாது! படிக்காதவளுக்குப் பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. மழைக்கு முன் வீடு சேருங்கள், வணக்கம். செத்தாலும் நான் மன்னிக்காதவன் ஒருவன்: கிப்சோய் அராப் சிகெய்.