ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம்

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு இதுதான். ஆசை ஆசையாக நல்ல பெட்டியாக வாங்கிவந்து, இடத்தை அடைக்கிறதே என்று மூலையில் தள்ளிவிடுவார்கள். பிறகு கீழ்சுரமெல்லாம் கொழகொழவென்று இருக்கிறது, கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று புலம்புவார்கள். பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்காவது இடம் விட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐயா, எங்கள் ஹாலைப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, தரையில் ஏன் இத்தனை டேப் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன என்பதுதான். ஸ்பீக்கர்கள் எங்கெல்லாம் இருந்தன என்பதற்கான அடையாளம் அவை. ஒரு விரற்கடை உள்ளே திருப்பினால் பாடுகிறவர் நடுவில் வந்து நிற்பார். இன்னொரு விரற்கடை திருப்பினால் அவர் வாய் அகலமாகிவிடும். நான் உட்காருவேன், கேட்பேன், எழுந்துபோய் நகர்த்துவேன், மறுபடி உட்காருவேன். ஒரு விடுமுறை நாளில் நாற்பது தடவை எழுந்திருக்கிறேன். என் மனைவிதான் எண்ணிச் சொன்னாள்.

இந்த அறையின் மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை டிக் என்கிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாது என்றால் பரவாயில்லை.

என் வேலை காது கேட்கும் கருவி பொருத்துவது. கடைக்குள்ளேயே சத்தம் புகாத சின்ன அறை ஒன்று உண்டு. அதில் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன். பதினெட்டு வருடமாக இதையே செய்கிறேன். கேட்காமலே அழுத்துகிறவர்கள் உண்டு. பாவம், வயதானதை ஒப்புக்கொள்ள மனம் வராது. கேட்டும் அழுத்தாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏதாவது சான்றிதழ் தேவைப்படும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சத்தம் வந்ததும் இமை ஒரு தடவை அசையும், விரல் அசையாது. என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் நல்ல காது என் மனைவிக்குத்தான். எந்த ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுக்கு எந்த ஊசி என்பதையெல்லாம் கடைசியில் முடிவு செய்தது அவள் காதுதான். அவளிடம் சொல்லாமல் ஒயரை மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சமையலறையிலிருந்து குரல் வரும்.

“என்னங்க பண்ணீங்க? பாடுற அந்தம்மாவுக்கு இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிட்ட மாதிரி இருக்கே.”

பழைய ஒயரையே திரும்பப் போட்டுவிடுவேன். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்க்கிற நண்பர் ஒருவர் மாதம் ஒரு தடவை வருவார். வால்வுக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். உன் வீட்டுக்காரி காதைக் கழற்றித் தந்தால் மீட்டர் எல்லாவற்றையும் விற்றுவிடுவேன் என்று கிண்டல் செய்வார். அவள் சிரித்தபடி அவருக்கு டீ கொண்டுவந்து வைப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மூச்சிரைக்க ஆரம்பித்தது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது, திரும்பச் சரியாகாது என்றார் மருத்துவர். போன வருடம் ஆக்சிஜன் மிஷின் வந்தது. பயணப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து போகிற குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, இருபத்துநாலு மணி நேரமும் அவள் படுக்கையறையில் இருந்தாள். மிஷின் ஒரே சுரத்தில் முனகும். ஆறு விநாடிக்கு ஒரு தடவை புஸ் என்று காற்றை விடும்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மிஷினைக் குறை சொல்லவில்லை. அடியில் ரப்பர் வைத்தேன். சுற்றிலும் பஞ்சுப் பலகை நிறுத்தினேன். மிஷின் சூடாகி நின்றுவிட்டதால் பலகையை எடுக்க வேண்டியதாயிற்று. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவரில் கனமான திரை போட்டேன். மின் இணைப்பைத் தனியாகப் பிரித்தேன். தலைகீழாக நின்று பார்த்தும் அந்த முனகல் போகவில்லை. இடப்பக்கச் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் வால்வுக்காரர் அந்த இசைத்தட்டைக் கொடுத்தார். ஒரே ஒரு வயலின், கூட வேறு வாத்தியம் கிடையாது. எட்டாவது நிமிடத்தில் வாசிப்பு நின்று, திரும்ப வில்லை வைப்பதற்கு முன் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது பதிவாகியிருக்கிறதாம். அவர் வீட்டில் கேட்கிறதாம். எங்கள் வீட்டில் பத்து தடவை போட்டுப் பார்த்தோம். கேட்கவில்லை. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“உங்க சிஸ்டத்துல ஒரு குறையும் இல்லீங்க. வீட்லதான் குறை.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் நோயாளியை உள்ளே உட்காரவைத்துவிட்டுச் சத்தத்தை அனுப்ப மறந்துபோவேன். வீட்டுக்கு வந்தால் ஸ்பீக்கரை நகர்த்துவேன், திரையைத் தூக்கிக் கட்டுவேன், இறக்குவேன். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனைவி ஒருநாள் சொன்னாள்.

“ரெண்டு நிமிஷம் இதை நிறுத்திட்டுத்தான் கேளுங்களேன். எனக்கு ஒண்ணும் ஆகாது.”

வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. ஆனாலும் யோசனை அவளுடையது, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு நிமிடம். மிஷினுக்கு மின்சாரம் போனதும் உள்ளே இருக்கிற அலாரம் வீலென்று கத்தியது. அதனால் மறுநாள் அதைத் திறந்து அலாரத்தின் பேட்டரியை எடுத்துவிட்டேன். எழுந்து எழுந்து போகிற தொல்லை வேண்டாம் என்று, மிஷினின் சுவிட்சை ஒயர் இழுத்து என் நாற்காலியின் கைப்பிடிக்குக் கொண்டுவந்தேன். சுத்தமான வேலை, நீங்களே பார்த்திருப்பீர்கள். பிறகு நான்கு நிமிடம். உதடு லேசாக நீலம் பாரித்தது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவள் கூப்பிட்டால் குரல் எழும்பாது என்பதால், தலைமாட்டு ஸ்டூலில் கைப்பிடி வைத்த சின்னப் பித்தளை மணி ஒன்று வைத்திருந்தோம்.

“முடியலைன்னா மணி அடிக்கிறேன். நீங்க நிம்மதியா கேளுங்க” என்றாள்.

அடுத்த தடவை ஏழாவது நிமிடத்தில் அடித்தாள். உடனே சுவிட்சைப் போட்டேன். எழுந்துபோய்ப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவளால் பேச முடிந்ததும் முதலில் சொன்னது, “நல்ல எடத்துல கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க” என்பதுதான். எனக்கு எரிச்சல் வந்தது என்று சொல்லமாட்டேன். தட்டை எடுத்து உறையில் போட்டேன், அவ்வளவுதான்.

அதே வாரம் வீட்டில் அதிர்கிற பொருட்களையெல்லாம் தேடிப் பிடித்தேன். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லாரும் செய்கிற வேலை இது. ஸ்பீக்கர் பலமாக அதிரும்போது வீட்டில் எங்கோ ஏதோ ஒன்று சிர் என்று கூடவே அதிரும். அலமாரிக் கண்ணாடிக்கு இடுக்கில் அட்டை செருகினேன். கொக்கியில் தொங்கிய சாவிக்கொத்தைத் துணியில் சுருட்டினேன். ஜன்னல் தாழ்ப்பாளுக்கு ரப்பர், டம்ளருக்குள் இருந்த ஸ்பூனுக்கு இழுப்பறை. ஸ்டூலில் இருந்த மணியின் நாக்கும் லேசாக அதிர்ந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாக்கில் பஞ்சைச் சுற்றி நூலால் கட்டினேன். வேண்டும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அது அதே வாரமாக இருந்தது தற்செயல்.

இனி அந்த நாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது என் மச்சினி, அவளுடைய தங்கை. அன்று மச்சினிக்குப் பல்லில் வலி. மருத்துவரைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். நான் கடைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். மதியம் இரண்டு மணிக்குத் தெரு அடங்கியிருக்கும். மாடியில் இருக்கிற தையல்காரரும் சாப்பிடப் போய்விடுவார். மனைவிக்குத் தண்ணீர் கொடுத்தேன், தலையணையை உயர்த்தி வைத்தேன். இன்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்கப்போகிறேன் என்றேன்.

“ஒரு பக்கம்னா எவ்வளவு நேரம்?”

“இருபத்திரண்டு நிமிஷம்.”

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தாள்.

“கதவைத் தெறந்து வையுங்க. எனக்கும் கேக்கட்டும்.”

சரி என்றேன். ஆனால் கதவு திறந்திருந்தால் கீழ்சுரமெல்லாம் அந்த அறைக்குள் ஓடிவிடும். ஹாலில் ஒலி சப்பென்று ஆகிவிடும். அதைப் படுத்திருக்கிறவளிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, வெளியே வந்ததும் மெதுவாகச் சாத்தினேன். திரையையும் இறக்கிவிட்டேன்.

ஊசியை வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சுவிட்சை அணைத்தேன். ஒரு வருடமாக என் காதுக்குள் குடியிருந்த முனகல் நின்றது. எட்டாவது நிமிடத்தில் வயலின் நின்றது. அப்புறம் அவர் மூச்சு இழுத்தார். சின்ன மூச்சு, மூக்கால் இழுத்தது, கடைசியில் கொஞ்சம் நடுக்கம். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று தோன்றியது. உள்ளே போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மச்சினி வந்து பார்த்தபோது, உயிர் போயிருந்த என் மனைவியின் கையில் மணி இருந்தது. அதில் ஏன் பஞ்சு சுற்றியிருக்கிறது என்று நேற்று இதே ஸ்டேஷனில் என்னிடம் மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் எடுக்க மறந்துவிட்டேன் என்றேன். அது உங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். என்னை ஒருவிதமாகப் பாவம் என்றுகூடப் பார்த்தீர்கள். இரவெல்லாம் அந்தப் பார்வைதான் என்னைப் புரண்டு புரண்டு படுக்கவைத்தது.

கேட்கும்போது நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். அந்த நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். “ஒன்பதாவது நிமிடம். மந்தமான தட்டல், ஏழெட்டுத் தடவை. இடப்பக்கம். மோட்டாரைப் பார்க்கவும்.” நீங்கள் அதைப் படித்தீர்கள், மேலே கேட்கவில்லை. மோட்டார் என்பது இசைத்தட்டு சுழல்கிற மேசையில் இருப்பது. அந்த மேசை என் வலப்பக்கம். இடப்பக்கம் இருப்பது அவளுடைய அறை மட்டும்தான்.

பஞ்சு சுற்றிய மணி எப்படிச் சத்தம் போடும் என்பதும் எனக்குத் தெரியும். சுற்றி முடித்ததும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருந்தேன். அன்று யாராவது என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தால் என் இமை அசைந்ததைப் பார்த்திருப்பார்கள். சுவிட்ச் என் வலது கைக்கு அடியில் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

எழுதிவிட்டு ஒலியை ஒரு கோடு கூட்டினேன். அப்புறம் தட்டல் கேட்கவில்லை. இருபத்திரண்டாவது நிமிடத்தில் பக்கம் முடிந்து ஊசி தானாக எழுந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய், தட்டைத் திருப்பிப் போட்டேன்.