மேலிடத்தின் அண்ணன்

படத்தில் என் வேஷத்துக்குப் போட்ட நடிகர் என்னைவிட ஆறு அங்குலம் உயரம். நான் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை, மேடம். சினிமாக்காரர்களுக்கு அவர்கள் தொழில் தெரியும்.

நீங்கள் இன்னும் படம் பார்க்கவில்லை என்றீர்கள். முதியோர் நலத் துறையில் அவ்வளவு வேலை இருக்கும், புரிகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். பிறந்தபோது தம்பி என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பத்தொன்பது வயதில் ஒரு நாள், தான் தம்பி இல்லை, தங்கை என்று அவளே சொன்னாள். அதற்கப்புறம் வீட்டில் இல்லை. கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்குகிற கிரேனில், பத்து மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பது வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தாள். அந்த லைசென்ஸைத் தன் பெயரில், பெண் என்று போட்டு வாங்கிய முதல் திருநங்கை அவள்தான். சும்மா கொடுத்துவிடவில்லை, வழக்குப் போட்டு வாங்கினாள். அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ வேலையில் சேர்ந்தார்கள். கீழே நிற்கிற ஆட்கள் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். எதைக் கேட்டாலும், "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்பார்களாம். படத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். என்னை வைத்து யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

டைரக்டர் சின்ன வயதுப் பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். என்னைத் தேடி வருவதற்கு முன்பே என் தங்கையோடு மூன்று நாள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்திருந்தாள். துறைமுகம், வழக்கு, என் தங்கை கிரேன் ஓட்டப் பழக்கிவிட்ட பெண்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. வீட்டைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வாக்கியம். "எங்க அண்ணனப் பத்தி அப்புறம் சொல்றேன்." அந்த 'அப்புறம்' வருவதற்குள் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. துறைமுகப் பெண்கள்தான் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார்கள். ஆனால் கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேண்டுமே. நாற்பது வருஷம் கழித்து எனக்கு ஃபோன் வந்தது. போனேன், போட்டேன். அன்றிலிருந்து அவளுக்குப் பொறுப்பு நான்தான்.

டைரக்டர் ஒரு சின்ன ரெக்கார்டரை மேசையில் வைத்துக் கேட்டாள்.

"அவங்க வீட்ட விட்டுப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு சார்?"

என் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு ஆசையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை, மேடம். என் மனைவிகூட.

"அப்பா கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டாரு," என்றேன். "நான் திறந்து விட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தியை அழ வைத்துவிட்டு, இரும்மா, நான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அடுத்த தடவை வந்தபோது பெட்டி சேர்ந்தது. அவள் பெட்டியை நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கடுத்த தடவை, கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். குடையும் பிடித்தேன். அதை மட்டும் டைரக்டர் நீக்கிவிட்டாள், மழைக்குச் செலவு ஜாஸ்தியாம். படத்தின் நடுவில் நான் டிபன் கேரியரோடு கிரேன் ஏணியில் ஏறி அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு காட்சி வருகிறது. தியேட்டரில் அந்த இடத்தில் கை தட்டுகிறார்கள். நான் இரண்டாவது மாடிக்குப் போனாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள். ஆனால் அந்த நடிகர் ஏறும்போது எனக்கே கால் கூசியது, அவ்வளவு உண்மையாக இருந்தது.

எப்படி அழுதீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். அழுது காட்டினேன். இரண்டு தடவை.

என் தங்கையாக நடித்ததும் ஒரு திருநங்கைதான். நல்ல பெண். ஒரு நாள் இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா உங்கள எப்படி சார் கூப்பிடுவாங்க?" என்றாள். அண்ணா என்றுதான் என்றேன். "கடைசியா எப்பக் கூப்பிட்டாங்க?" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு வில்லன் வேண்டியிருந்தது. என் தங்கை வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் கழித்து துறைமுக ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. இந்த ஆள் பெண்ணே இல்லை, ஏமாற்றி வேலை வாங்கியிருக்கிறான் என்று. அதில்தான் வேலை போய் வழக்கு வந்தது. எழுதியது யார் என்று கண்டுபிடிக்கவே இல்லை. கதையில் அப்படி விட முடியாது, யாரையாவது காட்டியாக வேண்டும் என்றாள் டைரக்டர். நான் துறைமுகத்து மேஸ்திரியைச் சொன்னேன். படத்தில் அவருக்குப் பெரிய மீசை. நிஜத்தில் அந்த மனுஷர்தான் என் தங்கையை முதல் முதலாகக் கிரேனில் ஏற்றிப் பழக்கியவராம். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவர் இறந்துவிட்டார். என் அப்பா இறந்தும் இருபது வருஷம் ஆகிறது. தாழ்ப்பாளை அப்பாவுக்கும் கடிதத்தை மேஸ்திரிக்கும் கொடுத்ததில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. உயிரோடு இருக்கிறவர்கள் மேல் பழி போடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் உங்களுக்கு எழுதிய புகாரில் என்னைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலையில் சுறுசுறுப்பு. அந்தச் சுறுசுறுப்புதான் சங்கடம்.

படம் முடிந்ததும், என் தங்கை இருந்த பராமரிப்பு இல்லத்தின் கூடத்தில் அவளுக்காகத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். சக்கர நாற்காலியில் முன் வரிசையில் இருந்தாள். நான் பக்கத்தில். படத்தில் நான் கதவைத் திறந்தேன். அவள் இடது கையால் நாற்காலிக் கைப்பிடியை அடித்தாள். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. பேச்சுப் பயிற்சிப் பெண் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்லன்னு சொல்றாங்க சார்."

சந்தோஷத்தில் நாக்குக் குழறுகிறது என்றேன். டைரக்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் ஒரு அட்டை செய்துகொண்டு வந்தாள். மேல் வரிசையில் உயிரெழுத்து, கீழே மெய்யெழுத்து. என் தங்கை இடது விரலால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் இப்படித் தொட்டு ஒரு விஷயம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு படமே எடுத்துவிடலாம் என்று வேடிக்கையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் நகர்ந்து நகர்ந்து நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை.

"கதவு," என்று அந்தப் பெண் படித்தாள். "எந்தக் கதவும்மா?"

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். குளிர்காற்று வந்துகொண்டிருந்தது.

மறுபடியும் விரலை அட்டைக்குக் கொண்டுபோனாள். அகரத்தைத் தொட்டாள். பிறகு 'ண்'. நான் அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். களைப்பாக இருக்கிறாள், இன்றைக்குப் போதும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பக்கவாதம் வந்தவர்கள் பார்க்கிற பார்வைக்கெல்லாம் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது, மேடம்.

அந்த மாதமே வேறு இல்லத்துக்கு மாற்றினேன். ஊருக்கு வெளியே, அமைதியான இடம். ஜன்னலைத் திறந்தால் மரம். படிவத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்: பேச்சுப் பயிற்சி வேண்டாம், எழுத்து அட்டை கொடுக்க வேண்டாம், என் அனுமதி இல்லாமல் பார்வையாளர் வேண்டாம். துறைமுகப் பெண்கள் இரண்டு தடவை வந்து வாசலோடு திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். அவர்கள் கொண்டுவந்த பூவை உள்ளே கொடுக்கச் சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் அரக்கன் இல்லை.

படம் வந்தது. ஓடியது. ஜனங்கள் தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, இவருக்கு வணக்கம் சொல்லு, அண்ணன்னா இப்படி இருக்கணும் என்றாள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். யாராவது என் தங்கையைப் பற்றித் தப்பான வார்த்தை சொன்னால் மேடையிலேயே திருத்துவேன். அதற்குத் தனியாகக் கை தட்டுவார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் மேஸ்திரியின் மகள் ஃபோன் செய்தாள். சத்தம் போடவில்லை. "சார், எங்கப்பாவுக்குத் தன் பேரக்கூட எழுதத் தெரியாது. சம்பளம் வாங்குறதுக்கே கைநாட்டுதான். அவரு எப்படி சார் நாலு பக்கம் எழுதியிருப்பாரு?" என்றாள். விசாரிக்காமல் வில்லனைப் பிடித்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். அவள் கோர்ட்டில் மனுப் போட்டு அந்தக் கடிதத்தின் நகலை வாங்கி உங்களிடம் கொடுத்திருக்கிறாள்.

இதோ, அதையும் இல்லத்துப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் கையெழுத்து கெடவே இல்லை. அந்த 'ழ'வின் வாலைப் பாருங்கள். எங்கள் ஆபீசில் அதற்காகவே என்னிடம் பதிவேடு எழுதக் கொடுப்பார்கள்.

ஆமாம், நான்தான் எழுதினேன். பேப்பரில் சின்னதாக அவள் படம் வந்திருந்தது, துறைமுகக் கிரேனில் ஒரு பெண் என்று. பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு, "சார், இந்தம்மா மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்று சிரித்தார். அன்று சாயந்திரம் உட்கார்ந்து எழுதினேன். 'அவன்' என்று பதினான்கு இடத்தில் இருப்பதாக நீங்கள் எண்ணி வைத்திருக்கிறீர்கள். இருக்கலாம். இப்போது நான் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. டாக்டர்களை வைத்து அவளை மூன்று தடவை பரிசோதித்தார்களாம். மூன்று வருஷம் வேலை இல்லாமல் துறைமுக வாசலில் டீ விற்றாளாம். கேள்விப்பட்டேன். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், மேடம். கடிதம் இல்லையென்றால் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால் தீர்ப்பு இல்லை. அவள் பாட்டுக்குக் கிரேன் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றிருப்பாள். முன்னோடி என்று யார் சொல்லியிருப்பார்கள்? அந்த வகையில் நான் செய்தது கொஞ்சம் இல்லை.

கதவைப் பற்றியும் கேட்டீர்கள். அது மத்தியான நேரம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள். அம்மா அழுதாள். அப்பா, "சரி, மொதல்ல சாப்பிடு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சாப்பிட்டாள். பிறகு அப்பாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போனாள். அப்பாவும் அம்மாவும் பின் அறையில் படுத்திருந்தார்கள். நான் தாழ்ப்பாள் போட்டேன். அவள் வந்து தட்டினாள், மெதுவாகத்தான், அப்பா தூங்குவார் என்று.

"அப்பா உன்ன உள்ள விட வேணாம்னு சொல்லிட்டாரு," என்றேன். "போயிடு."

"மாத்திரையாவது வாங்கிக்கண்ணா," என்றாள்.

நான் திறக்கவில்லை. அப்பா எழுந்ததும், தன்னைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்றேன். அவர் ஒரு வாரம் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கண்டக்டராகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சாகிற வரைக்கும் பின்கதவைத் தாழ்ப்பாள் போடாமலேயே வைத்திருப்பாள். அந்த வீட்டில் திருட்டு பயம். தினமும் நான்தான் போய்ப் போட்டுவிட்டு வருவேன்.

இதையெல்லாம் படத்தில் வைத்திருந்தால் யாருக்கு நல்லது? அவளுக்கு நிஜத்தில் கிடைக்காத ஒரு நல்ல அண்ணனை நான் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறேன். ஊரே பார்த்து அழுகிறது. தம்பி தங்கைகளைத் துரத்திவிட்ட எத்தனையோ பேர் படம் பார்த்துவிட்டு ஃபோன் செய்து கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்குக் கடிதம் வருகிறது.

நாளைக்கு அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நீங்களே அங்கே போகப் போவதாகச் சொல்கிறீர்கள். எதற்கு வீண் அலைச்சல், அவ்வளவு தூரம்? அவளைச் சிரமப்படுத்த வேண்டாம், மேடம். அவளிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் என்னிடமே கேளுங்கள்.