கயத்தில் கிடக்கும் புல்வெட்டு மெஷின்

என் பெயர் ஞானதாசன், வயது 63, த/பெ. சத்தியநேசன், திற்பரப்பில் குடியிருந்து வருகிறேன். அருவிக்குக் கீழே கோதையாற்றங்கரையில் உள்ள இரண்டு ஏக்கர் காட்டைப் பராமரிக்கும் குழுவில் காவல் பொறுப்பு என்னுடையது. சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் பழைய மகாராஜாக்களைவிட ஒரு பிடி கூடுதல். அங்கே ஞாயிறுதோறும் ஜனங்கள் வந்து நடந்து பார்ப்பார்கள். நடைபாதைக்கு இருபுறமும் இரண்டடி மட்டும் வெட்டுவது, மீதியைப் பறவைகளுக்கு விடுவது என்று குழு கூடிக் கையெழுத்திட்டிருக்கிறது.

கடந்த 12.06.2025 அன்று தங்கை மகள் கல்யாணத்துக்கு முட்டம் சென்றேன். அதன் பிறகு 14ஆம் தேதி காலை 9 மணியளவில் திரும்பி வந்தபோது அங்கே காடு இல்லை, ரப்பர் தோட்டம் இருந்தது. அடிக்காடு முழுவதும் மழிக்கப்பட்டு, மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு அடிக்கப்பட்டு, ஓர் எறும்பு ஒளிய நினைத்தாலும் களியக்காவிளைக்கு பஸ் ஏற வேண்டிய நிலையில் இருந்தது.

அதன் பிறகு குழுச் செயலாளர் ஆன்ஸ்லின் வந்து, மறுநாள் நிறையப் பேர் வருவதால் ரப்பர் பால் வெட்டும் விபினைக் கொண்டு சுத்தம் செய்ததாகப் பெருமையுடன் தெரிவித்தார். விபினுக்குத் தெரிந்த ஒரே காடு ரப்பர். அதில் மரம் தவிர மற்றதெல்லாம் களை. அதன் பிறகு அவன் ஒரு வாழையிலைப் பொதியை மரியாதையாக நீட்டி, "மாமா, பொதருக்குள்ள கானாங்கோழி முட்டை கெடந்துது. பொரிச்சாச்சு. ஒங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றான்.

பிரித்துப் பார்த்தேன். நல்லமிளகுத்தூள்கூடத் தூவியிருந்தான். இலையை மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஆன்ஸ்லின், கரையோரம் மிச்சமிருந்த ஒரே தாழம்புதரையும் எடுத்துவிடச் சொன்னார். அதற்குள் இன்னொரு கானாங்கோழி ஒன்பது நாளாக அடைகாத்து வருவது எனக்குத் தெரியும். குறுக்கே நின்று அதைச் சொன்னேன். "அதுக்கும் நல்லமொளவு இருக்கு மாமா" என்று ஆன்ஸ்லின் சிரித்தார். விபின் தோளில் மாட்டியிருந்த புல்வெட்டு மெஷினை ஓட்டினான். சத்தம் இலங்கை வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகு நான் மெஷினை அணைத்து, அவன் தோளிலிருந்து பட்டையைக் கழற்றி, கயத்தில், அதாவது ஆறு மிக ஆழமாக இருக்கும் இடத்தில், எறிந்தேன். ஆன்ஸ்லின் கொடுத்த புகாரில் அது மட்டும் நிஜம். யாரையும் அடிக்கவில்லை. "ஏலே, நீ காட்டை வெட்டல, தோலை உரிச்சிருக்கெ" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். இதைவிடக் கேவலமாகச் சொல்ல ஆசை இருந்தது. புதருக்குள் ஆள் அடைகாத்துக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்தவில்லை.

மெஷின் கிடக்கும் இடம் எனக்குத் தெரியும். அந்தப் புதரை மிதித்துத்தான் அங்கே இறங்க முடியும். குஞ்சு வெளிவர இன்னும் பதினோரு நாள் ஆகும். பன்னிரண்டாம் நாள் நானே முங்கி எடுத்துத் தருகிறேன். நாளை ஜனங்கள் நடைபாதையில் தாராளமாக வரட்டும். அந்தப் பன்னிரண்டாம் நாள் வரை என்னை ஸ்டேஷனில் வைத்துக்கொள்வதிலும் ஆட்சேபணை இல்லை. அப்படியானால் எனக்குப் பதிலாக ஒரு போலீஸ்காரரைப் புதருக்குக் காவல் நிறுத்த வேண்டும். பூட்ஸ் போடாதவராக இருந்தால் நல்லது.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ச. ஞானதாசன்