மாறாத நம்பர்

– வெளியிலேர்ந்து யாரும் உள்ள வரவேண்டாம்னா உங்களுக்கு இந்த மாறாத நம்பர் தேவையே இல்லம்மா. டிவி பாக்கறதுக்கும் போன் பேசறதுக்கும் இப்ப இருக்குற இன்டர்நெட் லைனே தாராளம்.

– வரணும் கண்ணு. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்.

– யார் வரணும்?

– எம் பையன் கப்பல்ல வேலைக்குப் போனவன். இன்ஜின் ரூம்ல. அலமாரி மேல இருக்கே கேமரா, அது அவன் மாட்டினதுதான். எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் முதல்ல எனக்குப் போன் போட்டு, ‘அம்மா, இன்னிக்கு நம்பர் என்ன?’ன்னு கேப்பான். டிவியில அவன் காட்டிக்குடுத்த பக்கத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா வாசிப்பேன். அந்த நம்பரைப் போட்டு அவன் அங்கேர்ந்தே வீட்டைப் பாப்பான். கொஞ்ச நேரத்துல கேமராவுல பச்சை லைட் எரியும். யாராவது பாத்தா அப்படி எரியுமாம். நான் உடனே தலையைக் கோதிக்குவேன். கலைஞ்ச தலையோட இருந்தா, ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ன்னு அவனே முடிவு பண்ணிடுவான்.

– கரண்ட் போய் வந்தா நம்பர் மாறிடும், அதான் அந்தப் பாடு. பாத்தீங்கன்னா, இப்ப உங்களுக்கு இருக்குறது வாடகை வீடு மாதிரி. ஸ்டாடிக் ஐபின்னு அந்த மாறாத நம்பரைப் போட்டுட்டா சொந்த வீடு. யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது.

– அதான் வேணும். தேடி வர்றவங்க அலைஞ்சு திரியக் கூடாது பாரு.

– ஆனா ஒண்ணும்மா. நாங்க லைனையெல்லாம் மாத்தி ரொம்ப நாளாச்சு. பாத்தீங்கன்னா, இந்தத் தெரு மொத்தமும் இப்ப ஒரே நம்பருக்குப் பின்னாலதான் இருக்கு. வெளியிலேர்ந்து பாத்தா ஒரே ஒரு பெரிய கதவுதான் தெரியும். உள்ள உங்க வீடு எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. அதுக்கப்புறம் உங்க பையன் இந்தக் கேமராவைப் பாத்திருக்கவே முடியாதே?

– கதவு வரைக்கும் வந்துட்டுத் திகைச்சு நின்னுருப்பாங்க, பாவம். நீ வேலையைப் பாரு கண்ணு. காபிக்குச் சர்க்கரை கம்மியாவா?

– எப்படி இருந்தாலும் சரிம்மா.

– தம்பி. அவ அடுப்படிக்குப் போயிட்டாளா?

– போயிட்டாங்க சார். வீட்டுக்காரர் உள்ரூம்ல தூங்குறாருன்னு சொன்னாங்க.

– லாரி ஓட்டுனவனுக்குப் பகல் தூக்கம் ஏது? சொல்றேன் கேளு, கொஞ்சம் மெதுவாப் பேசு. நீ இதைப் போடாத. ஏதாவது சாக்குச் சொல்லிட்டுக் கிளம்பு.

– ஆபீஸ்ல போட்டே குடுத்துட்டாங்க சார். மோடத்தைக் கழட்டிட்டேன். திரும்ப மாட்டினா முடிஞ்சுது.

– மாட்டாத. சொல்றேன் கேளு. அந்தக் கப்பல் திரும்பி வரலை. நடுக்கடல்ல புயல்ல போயிடுச்சுன்னு ஏஜென்ட் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேர் வந்து சொன்னாங்க. நீ பையை வெச்சிருக்கியே, அந்தச் சோபாவுலதான் உக்காந்தாங்க. ஒருத்தரும் பிழைக்கலை, ஒரு உடம்பும் கிடைக்கலைன்னாங்க. நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இவ என்னடான்னா தலையாட்டிக் கேட்டுக்கிட்டா, வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா, வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. அப்புறம் நேரா அந்தக் கேமராவுக்கு எதிர்ல போய் உக்காந்தா.

– அப்போ அம்மா இன்னமும்...

– நம்பிக்கிட்டு இருக்கா. தினம் உக்காருவா. லைட் எரியலைன்னா, ‘நம்பர் மாறியிருக்கும், பாவம், வழி தெரியலை’ன்னு சொல்லிட்டு எழுந்துபோய் உலையை வைப்பா. அந்த ஒரு சாக்குலதான் அவ சோறு தின்னுக்கிட்டு இருக்கா தம்பி. நீ பாட்டுக்கு மாறாத நம்பர் ஒண்ணைக் குடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு லைட் எரியலைன்னா அவ எது மேல பழி போடுவா? இத்தனை நாள் சாகாத பிள்ளை அன்னிக்கு அவளுக்குச் செத்துப்போவான்.

– எனக்கும் அம்மா இருக்காங்க சார். லைன் எடுக்க மாட்டேங்குதுன்னு சொல்லிடறேன். ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்.

– நல்லா இருப்ப.

– சார்.

– என்ன?

– மோடம் என் கையில இருக்கு. ஒயர் எல்லாத்தையும் உருவிட்டேன். லைனே இல்லாம அந்தக் கேமராவுல பச்சை லைட் எரியுது.

– பழசு தம்பி. ஏதாவது கோளாறா இருக்கும்.

– லைட்டுல கோளாறு வரும், சரி. ஆனா பாத்தீங்கன்னா, இது ஆள் நடந்தா கூடவே திரும்புற வகை. நாம ரெண்டு பேரும் நின்ன இடத்துலதான் நிக்கிறோம். அது உள்ரூம் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்பத் திரும்புது.

– எந்தப் பக்கம்?

– மெதுவாத் திரும்புது சார். நம்மளைத் தாண்டிப் போயிடுச்சு. அடுப்படி வாசல்ல நின்னுடுச்சு. உள்ள அம்மா யார்கூடவோ பேசுறது கேக்குது.

– ஏம்மா! அங்க யார்கூடப் பேசிக்கிட்டு இருக்க?

– எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இதோ வந்துட்டேன். இந்தா கண்ணு, சூடா இருக்கு, விளிம்பைப் பிடிச்சுக்கோ. மோடத்தை ஏன் பச்சைப் பிள்ளையைத் தூக்கி வெச்சிருக்கிற மாதிரி வெச்சிருக்க? வேலை முடியலையா?

– அது வந்தும்மா... லைன் எடுக்க மாட்டேங்குது. இந்தப் பக்கத்துக்கே இப்போதைக்கு முடியாதுன்னு...

– எங்காதுல பூ சுத்தாத கண்ணு. உனக்குப் பொய் சொல்ல வரலை, காது ரெண்டும் சிவந்துபோச்சு. இவர்தானே போடாதன்னு சொன்னாரு?

– ஆமா, நான்தான் சொன்னேன். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி உக்காந்திருப்ப? சொல்றேன் கேளு. அவன் போயிட்டான். எந்த நம்பரைப் போட்டாலும் அவன் அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கப்போறதில்லை.

– அந்தப் பக்கத்துலேர்ந்து அவன் ஏன் பாக்கணும்?

– பின்ன யாருக்காக இந்த நம்பரைக் கேக்குற?

– அவனுக்கு எதுக்குங்க நம்பர்? அவன்தான் அன்னிக்கே வீடு வந்து சேந்துட்டானே. கப்பல்ல அவன்கூட இருந்த பசங்களுக்குத்தான் வழி தெரியலை. இன்னும் தண்ணியிலயே நிக்கிறாங்களாம்.