பதினாறாம் எண்

வியாழக்கிழமை காலை மேட்டுப்பாளையம் ரயிலில் என் எதிரே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். இந்திய மகளிர் ரக்பி அணியில் மகளுக்கு இடம் உண்டா என்பது அன்று தெரிந்துவிடும்.

“ஏழாம் நம்பர் பனியன் கேட்டு வாங்கு கண்ணு. நம்மூட்டுக்கு ராசி.”

“கேட்டு வாங்க முடியாதுங்கம்மா. நிக்கற எடத்துக்குத்தான் நம்பர்.”

“கபடி ஆடுன புள்ளைக்கு ஏது எடம்?”

“பாதி டீமு கபடியிலருந்து வந்ததுதாங்க.”

அவள் போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காரமடையில் செய்தி வந்தது.

“பதினாறுங்கம்மா.”

“ஒண்ணும் ஆறும் ஏழு! நாஞ் சொல்லல?”

“மொதல்ல ஆட எறங்கறது பதினஞ்சு பேருங்க. பதினாறு வெளிய ஒக்கார்றவளுக்கு.”

அம்மா சன்னலைப் பார்த்தார்.

“எவளாச்சும் சோந்து போனா?”

“என்னயக் கூப்புடுவாங்க.”

“அப்ப ஒக்காராத கண்ணு. ஓரத்துலயே ஓடிட்டிரு.”